காபாவின் கடைசி நாள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

2021 ஜனவரி 19. பிரிஸ்பேன் நகரின் காபா மைதானம். நான்கு டெஸ்ட் கொண்ட தொடர் 1-1 என நிற்க, கடைசி டெஸ்டின் கடைசி நாளில் இந்தியாவுக்கு இலக்கு 328. மூன்று ஓவர் மீதம் இருக்கையில் 7 விக்கெட் இழப்புக்கு 329 எடுத்து, ஆட்டத்தையும் தொடரையும் இந்தியா கைப்பற்றியது. 1988-க்குப் பிறகு காபாவில் டெஸ்ட் தோல்வியையே காணாத ஆஸ்திரேலியா, 31 டெஸ்டுகளுக்குப் பின் அங்கே தோற்றது. அந்த நாளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி (திருநெல்வேலி): அந்த ஆட்டம் டிரா ஆகியிருந்தால் கோப்பை யாரிடம் இருந்திருக்கும்? டிராவே போதுமென்றால் இந்தியா ஏன் வெற்றிக்கு ஆடியது?

டிரா ஆகியிருந்தாலும் கோப்பை இந்தியாவிடமே இருந்திருக்கும். 2018-19 தொடரை 2-1 என வென்று பார்டர்-கவாஸ்கர் கோப்பையை வைத்திருந்தது இந்தியாதான். தொடர் சமனில் முடிந்தால், ஏற்கெனவே வைத்திருக்கும் அணியிடமே கோப்பை தங்கும்.

அதனால் ஐந்தாம் நாள் காலையில் கட்டாயம் ஜெயிக்க வேண்டிய நிலையில் இருந்தது ஆஸ்திரேலியா. விக்கெட் எடுக்க வேண்டுமானால் ஸ்லிப், கல்லி, ஷார்ட் லெக் என்று ஆட்களை மட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தியாக வேண்டும். பக்கத்தில் ஆள் கூடக் கூட எல்லைக்கோட்டில் ஆள் குறையும். அடித்தால் நான்கு கிடைக்கும் இடங்கள் அப்படித்தான் திறந்தன. இந்தியாவுக்குத் தோற்காமல் இருந்தாலே போதும் என்ற தெம்பு இருந்தது, ஜெயிக்க வழியும் திறந்திருந்தது. உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நான்கு ஆட்டத் தொடரில் ஒரு வெற்றிக்கு 30 புள்ளி, டிராவுக்கு 10. வெற்றியை விட்டுவிட்டு 10-ஐ வாங்கிக்கொள்ள எந்த அணிக்கும் மனம் வராது.

கேள்வி (ஈரோடு): புஜாரா 211 பந்தில் 56 ரன். அவர் அப்படிக் கட்டை போட்டதால்தானே கடைசியில் ஓவருக்கு ஐந்து ரன் தேவைப்பட்டது? கடைசிவரை நின்று 89 அடித்த பண்ட் இல்லையென்றால் புஜாராவால் தோற்றிருப்போம் என்கிறேன். சரிதானே?

இந்தக் கேள்வி பலரிடமிருந்து வந்திருக்கிறது. நாங்கள் உடன்படவில்லை. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

முந்தைய நாள் மாலை மழை குறுக்கிட்டதால், 1.5 ஓவரில் விக்கெட் இழக்காமல் 4 ரன் என்று நின்றது இந்தியா. கடைசி நாளுக்கு 98 ஓவர்கள். மொத்தத்தில் நான்காவது இன்னிங்ஸுக்குக் கிடைத்தது சுமார் 100 ஓவர். ரோஹித் 7 ரன்னில் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் கம்மின்ஸிடம் விழுந்தபோது ஸ்கோர் 18. அப்போது உள்ளே வந்த புஜாரா வெளியே போனபோது ஸ்கோர் 228. அவர் களத்தில் இருந்த நேரத்தில் அணி சேர்த்தது 210 ரன். அதில் அவருடையது 56 என்றால் மீதி 154 மறுமுனையிலிருந்தும் உதிரியாகவும் வந்தவை. மறுமுனைக்காரர்கள் நிம்மதியாக ஆடுவதற்கு ஒரு முனை பூட்டிக் கிடந்தது.

மதிய உணவின்போது 38 ஓவரில் 1 விக்கெட்டுக்கு 83. தொடக்க ஆட்டக்காரர் கில் 64, புஜாரா 90 பந்தில் 8. பார்ப்பவருக்கு அந்த 8 எரிச்சல் தரும்தான். ஆனால் எதிரில் பந்து போட்டவர் யார்? அந்த இன்னிங்ஸில் 24 ஓவர், 10 மெய்டன் (ரன்னே கொடுக்காத ஓவர்), 55 ரன், 4 விக்கெட் என்று முடித்த கம்மின்ஸ். தொடர் முழுவதிலும் 21 விக்கெட் எடுத்து தொடர் நாயகன் ஆனவர். அவருடைய பந்துகளை யாராவது ஒருவர் தின்றே தீர வேண்டும். யாரும் தின்னாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே தொடரின் அடிலெய்டு டெஸ்ட் சாட்சி: 21.2 ஓவரில் 36 ரன்னுக்கு இன்னிங்ஸே முடிந்தது.

இனித் தேவைப்பட்ட வேகத்தைப் பாருங்கள். காலையில் ஓவருக்கு 3.3. மதிய உணவுக்குப் பின் 62 ஓவரில் 245, அதாவது 3.95. தேநீரின்போது 3 விக்கெட்டுக்கு 183. மிச்சம் 37 ஓவரில் 145, அதாவது 3.92. இரண்டாவது செஷன் முழுக்கப் புஜாரா ஆடியும் தேவைப்படும் வேகம் கூடவில்லை, ஒரு துளி குறைந்துதான் இருக்கிறது. வேகம் ஏறியது தேநீருக்குப் பிறகான 17 ஓவர்களில். அப்போது வந்தவை 45 ரன் மட்டுமே. 80 ஓவர் முடிந்து புது பந்து எடுக்கப்படும் முன் பண்டும் சேர்ந்தே அடக்கி ஆடிய கட்டம் அது. புது பந்து வரும்போது கையில் எத்தனை விக்கெட் இருக்கிறது என்பதில்தான் இரண்டு பேருக்கும் கண்.

புது பந்தின் முதல் ஓவரிலேயே புஜாரா எல்.பி.டபிள்யூ. அப்போது ஏறத்தாழ 20 ஓவரில் சரியாக 100 ரன் வேண்டும், கையில் 6 விக்கெட். அந்த 6 விக்கெட்தான் புஜாரா விட்டுவிட்டுப் போன சொத்து. நாள் முழுக்க ஓவருக்கு நான்கு எடுக்கப் பார்த்து 200-க்கு 6 என்று நின்றிருந்தால், பண்ட் அந்த ஆட்டத்தை ஆடியிருக்கவே முடியாது. டிராவுக்குக் கட்டை போட்டுக்கொண்டிருந்திருப்பார். தொடர் முழுக்கப் புஜாரா சந்தித்தவை 928 பந்துகள், எடுத்தவை 271 ரன். ஆஸ்திரேலிய வேகங்களின் கால்கள் பிரிஸ்பேனின் கடைசி நாளில் கனத்துப்போனதற்கு அந்த 928-ல் பங்குண்டு.

கேள்வி (காரைக்குடி, கல்லூரி அணி வீராங்கனை): அன்று புஜாரா உடம்பில் அத்தனை அடி வாங்கினாரே, மட்டையால் தடுத்திருக்கக் கூடாதா? நாங்களும் அப்படி ஆடலாமா?

தெரிந்தே எடுத்த முடிவு அது. காபா ஆடுகளத்தின் மண் கனத்த களிமண். வெயில் ஏற ஏறச் சுருங்கி நீளவாக்கில் வெடிப்பு விடும். பந்து வெடிப்பின் நடுவில் விழுந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. விளிம்பில் பட்டால்தான் வம்பு: குட்டை நீளத்தில் விழும் பந்து ஒரு முறை நெஞ்சுக்கு எழும், அடுத்த முறை இடுப்போடு நின்றுவிடும். அப்படிப்பட்ட பந்துக்கு மட்டையைத் தூக்கினால் கிளவுஸிலோ மட்டையின் தோளிலோ பட்டு ஷார்ட் லெக், கல்லி, ஸ்லிப் எங்கேயாவது லட்டு மாதிரிப் போய் உட்காரும். கையைக் கீழே இறக்கி, மட்டையைப் பந்தின் பாதையிலிருந்து விலக்கிவிட்டால் பந்து உடம்பில் படும். வலிக்கும். ஆனால் அவுட் இல்லை. இடுப்புக்கு மேலே எழும் பந்து என்பதால் எல்.பி.டபிள்யூ பயமும் கிடையாது. விலா, தோள், முழங்கை, விரல், ஹெல்மெட் என்று பத்துக்கும் மேற்பட்ட அடிகள் அன்று அவர் மேல் விழுந்தன. விரலில் பட்ட ஓர் அடிக்கு மட்டையை விட்டுவிட்டுத் தரையில் படுத்தே விட்டார். எழுந்து மீண்டும் ஆடத் தயாராக நின்றார்.

நீங்கள் ஆடலாமா என்றால், பாதுகாப்புக் கவசம் முழுமையாக இருந்தால் மட்டும். முன்கைக்கு ஆர்ம் கார்டு, பந்து வீச்சாளரைப் பார்க்கும் பக்கத்து விலாவுக்குச் செஸ்ட் கார்டு, முன்தொடையின் வெளிப்புறத்துக்கும் பின்தொடையின் உட்புறத்துக்கும் தொடைப் பேடு. ஹெல்மெட்டின் கம்பி வலைக்கும் நெற்றி விளிம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பந்து நுழையக் கூடாது. வாங்கும்போதே ஒரு பழைய பந்தை வைத்து அழுத்திப் பாருங்கள். பி.எஸ். 7928:2013 என்ற தர முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்கழுத்தை மூடும் கார்டு தனியாகக் கிடைக்கிறது, அதையும் மாட்டிக்கொள்ளுங்கள். புஜாராவின் ஹெல்மெட்டில் பட்ட ஓர் அடியில் தெறித்துக் கழன்றது அந்தப் பாகம்தான். பலமாக ஒரு முறை அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடாதீர்கள். வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே ஓடு விண்டிருக்கும்.

இன்னொன்று. தலைக்கு வரும் பந்தை யாரும் வேண்டுமென்றே வாங்குவதில்லை. அதற்குக் குனிய வேண்டும், அல்லது கண்ணைப் பந்திலிருந்து எடுக்காமல் முதுகை வளைத்து விலக வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலும் காதோரத்திலும் பின்மண்டையிலும் அடி விழுகிறது. தலையில் பட்ட பிறகு ஒரு ரன் கூட ஓடாமல் முதலில் பரிசோதனை. தலைசுற்றல், குமட்டல், மங்கலான பார்வை எது இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது என்று வெளியே வந்துவிட வேண்டும். சர்வதேச ஆட்டங்களில் 2019 முதல் அதற்கு மாற்று ஆளையே அனுமதிக்கிறார்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): கில் அடித்த 91-ஐ எல்லோரும் மறந்துவிட்டார்களே?

நாங்கள் மறக்கவில்லை. 146 பந்தில் 91. இடக்கை வேகப்பந்து வீச்சாளர் ஸ்டார்க்கின் ஒரே ஓவரில் 20 ரன் போனதில் பெரும்பங்கு கில்லுடையது. குட்டைப் பந்தைப் பின்காலில் எழும்பி ஸ்லிப்புக்கு மேலே சிக்ஸருக்கு வெட்டியது அந்த ஓவரில்தான். அந்த இன்னிங்ஸில் ஸ்டார்க் 16 ஓவரில் 75 ரன் கொடுத்து விக்கெட்டே இல்லாமல் முடித்தார். தொடைத் தசை சிரமத்தோடு பந்து வீசியவர் அவர். நான்கு பேர் தாக்குதலில் ஒருவர் சரிந்தால் அந்தச் சுமை கம்மின்ஸ், ஹேசல்வுட், லயன் மூவர் தலையில் ஏறும். மாலையில் அவர்கள் வேகம் தணிந்ததற்கு முன்னதாகவே காரணம் போட்டவர் கில்.

கேள்வி (புதுச்சேரி): 80 ஓவர் முடிந்ததும் ஆஸ்திரேலியா உடனே புது பந்து எடுத்தது. 2025 ஓவல் டெஸ்டின் கடைசி நாளில் இந்தியா புது பந்து கிடைத்தும் எடுக்கவில்லை. எது சரி?

இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆனால் ஒன்றுதான் பலித்தது.

காபாவில் பயன்பட்டது குக்கபரா பந்து. அதன் ஆறு தையல் வரிசைகளில் நடு இரண்டு மட்டுமே கையால் தைத்தவை, மற்றவை இயந்திரத் தையல். 15, 20 ஓவரிலேயே தையல் படுத்துவிடும். 80 ஓவர் ஆன குக்கபராவில் வேகப்பந்து வீச்சாளருக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆஸ்திரேலியத் தலைவரும் விக்கெட் கீப்பருமான டிம் பெய்ன் அதை எடுக்காமல் இருக்க வழியில்லை. உடனே பலனும் கிடைத்தது, புஜாரா விழுந்தார். ஆனால் புது பந்து கெட்டி. மட்டையின் நடுவில் பட்டால் சிட்டாய்ப் பறக்கும். பக்கத்தில் ஆள் நிறுத்தியிருப்பதால் இடைவெளியில் போனால் நான்குதான். புஜாரா விழுந்ததிலிருந்து ஆட்டம் முடியும்வரை சரியாக 100 பந்துகள் வீசப்பட்டன. வந்தவை 101 ரன்கள். பழைய பந்தின் கடைசி 17 ஓவரில் 45 ரன் வந்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். விக்கெட்டுக்காக எடுத்த பந்தே ரன்னும் கொடுத்தது.

ஓவலில் பயன்பட்டது டியூக்ஸ் பந்து. ஆறு வரிசையும் கைத்தையல், நெடுநேரம் எழும்பி நிற்கும். 2025 ஆகஸ்ட் 4 காலையில் இங்கிலாந்துக்கு 35 ரன் வேண்டும், இந்தியாவுக்கு 4 விக்கெட். மேகம் கவிந்திருந்தது, பழைய பந்து நன்றாக ஸ்விங் ஆகிக்கொண்டிருந்தது. சில ஓவர்களில் புது பந்து கிடைக்கும் நிலை. 35 ரன் மட்டுமே இருக்கும்போது புது பந்தில் மட்டை விளிம்பில் பட்டு ஸ்லிப்புக்கு நடுவே போகும் இரண்டு நான்குகள் கூட ஆட்டத்தைத் திருப்பிவிடும். அதனால் ஸ்விங் ஆகிற பழைய பந்தையே சிராஜும் பிரசித் கிருஷ்ணாவும் கையில் வைத்துக்கொண்டார்கள். தோள்பட்டை விலகி, ஒரு கையைத் தூக்குக் கட்டில் போட்டுக்கொண்டு கிறிஸ் வோக்ஸ் கடைசி ஆளாக இறங்கி மறுமுனையில் நிற்க, அட்கின்சனை சிராஜ் கிளீன் போல்டு ஆக்கினார். இங்கிலாந்து 367. வித்தியாசம் 6 ரன். தொடர் 2-2.

எடுக்கலாமா என்று தலைவர் கேட்டுக்கொள்ள வேண்டியவை இவை: கையிலிருக்கும் பந்து ஏதாவது செய்கிறதா? எதிரணிக்கு இன்னும் எத்தனை ரன் வேண்டும்? நூறு என்றால் எடுக்கலாம், முப்பது என்றால் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கலாம். அந்தக் கெட்டிப் பந்தை நேராகப் போட அந்த நேரத்தில் தெம்போடு இரண்டு பேர் இருக்கிறார்களா?

கேள்வி (கோயம்புத்தூர்): நேதன் லயனுக்கு அது 100-வது டெஸ்ட். ஐந்தாம் நாள் ஆடுகளம். ஆஃப் ஸ்பின்னருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஏன் அவரால் முடிக்க முடியவில்லை?

31 ஓவர், 85 ரன், 2 விக்கெட். மோசம் இல்லை, ஆனால் ஆஸ்திரேலியா எதிர்பார்த்தது ஐந்து. இதைப் புரிந்துகொள்ளக் கால்தடம் விழும் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வலக்கை வேகப்பந்து வீச்சாளர் ஓவர் த விக்கெட் (வீசும் கை ஸ்டம்புகளை ஒட்டியிருக்கும்படி) பந்து போட்டுவிட்டு ஓடும்போது அவர் பூட்ஸ் கிளறும் மண், அந்த முனையில் பிறகு ஆடும் இடக்கை ஆட்டக்காரரின் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே இருக்கும். இடக்கை வீச்சாளர் கிளறும் மண் வலக்கை ஆட்டக்காரரின் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே. ஸ்டார்க்கும் சரி, நம் நடராஜனும் சரி, ஐந்து நாளும் உண்டாக்கிய தடங்கள் வலக்கை ஆட்டக்காரர்களுக்கு எதிராக லயனுக்கே உதவக்கூடியவை. அங்கே விழுந்து உள்ளே திரும்பினால் மட்டைக்கும் பேடுக்கும் நடுவே புகுந்துவிடும்.

புஜாரா இரண்டு வழியில் அதைச் சமாளித்தார். பந்து விழும் இடத்துக்கே இறங்கிப் போய் மட்டையும் பேடும் ஒட்டியிருக்கும்படி தடுப்பது. இல்லையென்றால் ஆழமாகப் பின்னால் போய்த் திரும்பி முடித்த பந்தை ஆடுவது. பாதி தூரம் காலை நீட்டி நிற்கும் நடுவாந்தர ஆட்டம்தான் லயனுக்கு வேண்டும். அதைப் புஜாரா கொடுக்கவில்லை.

பண்ட் இடக்கை. அவருக்கு லயனின் பந்து தடத்தில் விழுந்து வெளியே விலகும். கல்லியும் ஸ்லிப்பும் காத்திருக்கும். அந்தப் பந்தை நின்ற இடத்திலிருந்து தடுப்பதுதான் ஆபத்து. அதனால்தான் இறங்கி வந்து அடிக்கிறார். தடத்தில் விழுமுன் பந்தைப் பிடித்துவிட்டால் திருப்பத்துக்கு வேலையில்லை. மிட் ஆனையும் மிட் ஆஃபையும் எல்லைக்கு விரட்டிவிட்டால் ஒற்றை ரன்கள் தானாக வரும். இதில் ஏமாந்தால் ஸ்டம்பிங். பண்ட் 16 ரன்னில் இருந்தபோது அப்படி ஏமாந்தார். பந்து அவரைத் தாண்டியது, பெய்ன் கையில் நிற்கவில்லை. அந்த ஒரு பந்து பெய்னின் கிளவுஸில் தங்கியிருந்தால் இந்தப் பக்கங்களில் வேறு கேள்விகள் வந்திருக்கும். திரும்பும் பந்துக்கு விக்கெட் கீப்பர் சீக்கிரம் எழுந்துவிட்டால் கை பந்துக்கு மேலே போய்விடும். பந்து விழுந்து எழும்வரை உட்கார்ந்தே இருப்பது சொல்ல எளிது, ஐந்தாம் நாள் மாலையில் கடினம்.

167-க்கு 3 என்ற நிலையில் அகர்வாலுக்கு முன்னால் பண்டை அனுப்பியதும் இதே கணக்குதான். வலக்கை புஜாரா, இடக்கை பண்ட். ஒற்றை ரன் ஓடும்போதெல்லாம் லயன் பந்து போடும் திசையை மாற்ற வேண்டும், ஃபீல்டர்கள் இடம் மாற வேண்டும். தாளம் கெடும்.

கேள்வி (சேலம்): எங்கள் ஊர் நடராஜன், வாஷிங்டன் சுந்தர் இருவரின் பங்கை எழுதுங்கள்.

மகிழ்ச்சியோடு. இருவருக்கும் அதுவே முதல் டெஸ்ட். ஷமி, உமேஷ், பும்ரா, அஷ்வின், ஜடேஜா என்று வரிசையாகக் காயம். வலைப் பயிற்சியில் பந்து போடுவதற்காக அணியோடு இருந்தவர்கள் களத்தில் இறங்க வேண்டியதாயிற்று. சின்னப்பம்பட்டி நடராஜன் முதல் இன்னிங்ஸில் 78 ரன் கொடுத்து 3 விக்கெட்: 45 எடுத்திருந்த வேட், 108 எடுத்திருந்த லபுஷேன், பிறகு ஹேசல்வுட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமானவர் அவர்.

வாஷிங்டனின் முதல் டெஸ்ட் விக்கெட் ஸ்டீவ் ஸ்மித். அந்த இன்னிங்ஸில் 89 ரன்னுக்கு 3. மட்டையில் அவர் செய்தது அதைவிடப் பெரிது. முதல் இன்னிங்ஸில் 186-க்கு 6 என்று இந்தியா தள்ளாடியபோது அவரும் ஷர்துல் தாக்கூரும் 123 ரன் சேர்த்தார்கள். வாஷிங்டன் 62, தாக்கூர் 67. ஆஸ்திரேலியா 369, இந்தியா 336. அந்தக் கூட்டு இல்லையென்றால் பின்தங்கல் 33-ஆக நின்றிருக்காது, கடைசி நாள் இலக்கும் 328-ஆக இருந்திருக்காது. நான்காம் நாளில் சிராஜ் 73 ரன்னுக்கு 5 எடுத்து ஆஸ்திரேலியாவை 294-ல் சுருட்டியதற்கும் அதே மதிப்பு.

கடைசி நாளில் 265-க்கு 5. ஏறக்குறைய 14 ஓவரில் 63 ரன் வேண்டும். வாஷிங்டன் இறங்குகிறார். தமிழ்நாட்டுக்கு ரஞ்சியில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியவர் என்பதால் புது பந்து அவருக்குப் புதிதல்ல. கம்மின்ஸ் போட்ட குட்டைப் பந்தை உடம்பைத் திருப்பி ஃபைன் லெக்கில் சிக்ஸருக்கு ஹூக் செய்தார் பாருங்கள், அந்த இன்னிங்ஸில் கம்மின்ஸை அதுவரை யாரும் அப்படித் தொட்டதில்லை. பண்டோடு சேர்ந்து 53 ரன். தன் கணக்கில் 29 பந்தில் 22. வெற்றிக்கு 10 ரன் இருக்கையில் லயனை ரிவர்ஸ் ஸ்வீப் ஆடப்போய் போல்டு. அந்த அடி தேவையில்லாததுதான். நேராக ஒற்றை ரன் எடுத்தாலே போதுமாக இருந்த நேரம். ஆனால் வேலையின் பெரும்பகுதி முடிந்திருந்தது.

கேள்வி (விழுப்புரம்): கடைசி நாள் காலையில் ரோலர் ஓட்டச் சொல்லும் உரிமை யாருக்கு?

பேட்டிங் செய்யும் அணியின் தலைவருக்கு மட்டுமே, அதிகபட்சம் 7 நிமிடம். கனத்த ரோலர் வேண்டுமா, இலகுவானதா என்பதும் அவர் விருப்பம். கனத்தது மேல்மண்ணை அழுத்தி முதல் ஒரு மணி நேரத்துக்கு ஆடுகளத்தைச் சாதுவாக்கும். ஆனால் உலர்ந்து பொரிந்த களத்தில் அதுவே ஓரங்களை உடைத்து, பிற்பகலில் கூடுதல் சிக்கல் தரலாம். எந்த மண், எவ்வளவு ஈரம் மிச்சம் என்று களப் பராமரிப்பாளரைக் கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது.

கேள்வி (மதுரை, கிளப் அணித் தலைவர்): நாங்கள் இரண்டு நாள் ஆட்டங்கள் ஆடுகிறோம். கடைசி நாள் துரத்தலில் எப்போதும் நடுவில் தடுமாறுகிறோம். எப்படித் திட்டமிடுவது?

60 ஓவரில் 220 என்று வைத்துக்கொள்வோம். ஓவருக்கு 3.67. இதை அறுபதாகப் பிரித்து ஒவ்வொரு ஓவரும் விரட்டுவதுதான் முதல் தவறு. பின்னாலிருந்து எண்ணுங்கள். கடைசி 20 ஓவரில் உங்கள் அணியால் ஓவருக்கு 5 எடுக்க முடியுமா? முடியுமென்றால் 100 ரன்னைக் கடைசிக்கு ஒதுக்கலாம். அப்படியானால் முதல் 40 ஓவரில் தேவை 120 தான், ஓவருக்கு மூன்று. நிபந்தனை ஒன்றே: 40-வது ஓவர் முடியும்போது கையில் 6 விக்கெட் இருக்க வேண்டும், குறைந்தது 5. நான்குக்குக் கீழே போனால் அந்த 100 வராது.

ஸ்கோரர் ஒரு தாளில் பத்து ஓவருக்கு ஒருமுறை மூன்று எண்களை மட்டும் எழுதிப் பெவிலியனில் ஒட்டட்டும்: வேண்டிய ரன், மிச்ச ஓவர், கையில் விக்கெட். அடுத்து இறங்குபவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். களத்துக்குள் தண்ணீர் கொண்டுபோகும் பையனிடம் ஆளாளுக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பாதீர்கள். ஒருவர் சொல்வதே போகட்டும்.

நடுவில் தடுமாறுவதற்கு வழக்கமான காரணம், இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் வேகம் கூட்டுவது. ஒருவர் அடித்தால் மற்றவர் நிற்க வேண்டும். நிற்பவர் யார் என்று பேசி முடிவு செய்துவிட்டு ஆடுங்கள். இரண்டாவது காரணம் இடைவேளை. தேநீர் முடிந்து முதல் மூன்று ஓவரில் விழும் விக்கெட்டுகளை எண்ணிப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். அந்த மூன்று ஓவரில் ரன் வராவிட்டால் குடி முழுகாது. எதிரணி ஃபீல்டர்களை எல்லைக்கு அனுப்பியதும் பெரிய அடி தேடுவது மூன்றாவது. அப்போது ஓவருக்கு நான்கு ஒற்றை ரன் சும்மா கிடக்கிறது, பொறுக்கிக்கொள்ளுங்கள்.

டிராவுக்குத் திரும்பும் புள்ளியையும் காலையிலேயே பேசிவிட வேண்டும். ஏழு விக்கெட் போய், ஓவருக்கு ஏழுக்கு மேல் வேண்டும், இன்னும் 8 ஓவர் மிச்சம் என்றால் கதவை அடைத்துவிடலாம். எட்டாவது ஆளாகத் தடுத்து ஆடத் தெரிந்த ஒருவரை வைத்திருப்பது அதற்குத்தான். கடைசி மணி நேரத்தில் குறைந்தது எத்தனை ஓவர் என்பதை நடுவரிடம் முன்பே கேளுங்கள். கிரிக்கெட் சட்டப்படி 20, டெஸ்டில் 15, உங்கள் லீக் விதி வேறாகவும் இருக்கலாம். எதிரணி மெதுவாக ஓவர் போட்டுக் காலம் கடத்தப் பார்த்தால் உங்களைக் காப்பது அந்த எண்தான்.

கேள்வி (சென்னை): 2001 சேப்பாக்கம் கடைசி நாளா, காபாவா? எது பெரிது?

சேப்பாக்கத்தில் இலக்கு 155 தான். ஆனால் சின்ன இலக்குக்கு ஒரு தனிப் பயம் உண்டு. எடுத்தே ஆக வேண்டிய ரன் அது, தோற்றால் மன்னிப்பில்லை. 1-1 என்றிருந்த தொடர், எதிரில் ஸ்டீவ் வாவின் ஆஸ்திரேலிய அணி. லக்ஷ்மண் 66 எடுத்தும் 151-க்கு 8. கடைசியில் மெக்ராவின் பந்தை ஹர்பஜன் தட்டிவிட்டு இரண்டு ரன் ஓட, மறுமுனையில் சமீர் திகே 22 ரன்னோடு நின்றார். அந்த ஆட்டத்தில் ஹர்பஜன் எடுத்த விக்கெட் 15, தொடரில் 32. நெஞ்சு படபடத்ததில் சேப்பாக்கம்தான் முன்னே. கடினத்தில் காபா. வெளிநாடு, பாதி அணி காயத்தில், இலக்கு 328. காபாவில் அதற்குமுன் வெற்றிகரமாகத் துரத்தப்பட்ட பெரிய இலக்கு 236 தான்.

இரண்டு மைதானங்களுக்கும் இன்னொரு உறவும் உண்டு. டெஸ்ட் வரலாற்றில் டை (இரு அணிக்கும் மொத்த ரன் சமம்) ஆன ஆட்டங்கள் இரண்டே. 1960 டிசம்பரில் காபாவில் ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும்.

கேள்வி (நாகர்கோவில்): 3 ரன் இருக்கும்போது தாக்கூரும் அவுட். அடுத்து பண்டும் போயிருந்தால்?

போயிருக்கலாம், அதற்கான வழிகள் எல்லாம் திறந்தே இருந்தன. 325-க்கு 7. உள்ளே வந்தவர் நவ்தீப் சைனி. முதல் நாளிலேயே தொடை இடுக்குத் தசை இழுத்துக்கொண்டு 7.5 ஓவரோடு வெளியேறியவர். அந்த ஓவரின் மிச்சமிருந்த ஒரு பந்தை ரோஹித் சர்மா போட்டு முடித்தார். அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு வேகமாக இரண்டு, மூன்று ஓடுவது நம்பக்கூடிய வழியல்ல. அதனால்தான் 97-வது ஓவரின் கடைசிப் பந்தை ஹேசல்வுட் முழு நீளத்தில் போட்டதும் பண்ட் தட்டிவிட்டு ஓடப் பார்க்காமல் நேராக ஓங்கி அடித்தார். மிட் ஆஃபைத் தாண்டி எல்லைக்குப் போய்க்கொண்டிருந்த பந்தைப் பார்த்தபடியே இருவரும் ஓடினார்கள். சைனி அந்தக் காலோடு ஓடினார். பண்ட் 138 பந்தில் 89, ஆட்டமிழக்கவில்லை. அவர் போயிருந்தால், சைனியோடு அந்த ரன்களை எடுக்க மிச்சமிருந்தவர்கள் சிராஜும் நடராஜனும்.